ப்ளூ-ரேயா, எச்.டி. டிவிடியா: 98.87 டாலர் பெட்டியின் உண்மையான கணக்கு

2007 நவம்பர் 2, வெள்ளிக்கிழமை. டிவிடியின் இடத்தைப் பிடிக்க இரண்டு எச்.டி. டிஸ்க் வகைகள் (ஃபார்மட்) மோதிக்கொண்டிருந்த காலம்: ஒரு பக்கம் டோஷிபாவின் எச்.டி. டிவிடி, எதிர்ப்பக்கம் சோனியின் ப்ளூ-ரே. ஒன்றின் டிஸ்க் மற்றதன் பிளேயரில் ஓடாது. அமெரிக்காவின் வால்மார்ட் கடைகளில் டோஷிபா எச்டி-ஏ2 என்ற எச்.டி. டிவிடி பிளேயர் 98.87 டாலருக்கு வந்தது. போட்டிக் கடையான பெஸ்ட் பையும் உடனே 99.99 டாலருக்கு இறங்கியது. ஒன்றரை வருடத்துக்கு முன், 2006 ஏப்ரலில், அதே கம்பெனியின் முதல் மாடல் எச்டி-ஏ1 விற்ற விலை 499 டாலர். எதிரணியின் முதல் ப்ளூ-ரே பிளேயர், சாம்சங் பிடி-பி1000, 2006 ஜூனில் ஆயிரம் டாலர் விலையில் இறங்கியது. பெட்டியின் விலையை மட்டும் பார்த்தால் எச்.டி. டிவிடி வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அந்த விற்பனை நடந்து நான்கு மாதம் முடிவதற்குள், 2008 பிப்ரவரி 19-ல், டோஷிபா அந்த ஃபார்மட்டையே கைவிட்டது.

ஃபார்மட் சண்டை நடக்கும்போது பெட்டியின் விலைச் சீட்டு சொல்வது பாதி விஷயத்தைத்தான். மீதிப் பாதி டிஸ்க் விலையிலும், எந்தப் படம் எந்தப் பக்கம் வருகிறது என்பதிலும், தோற்றுப்போனால் அந்தப் பெட்டி வேறு எதற்கு உதவும் என்பதிலும் இருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள் அந்தச் சண்டையில் பெரிதாக நஷ்டப்படவில்லை. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஃபார்மட் சண்டை வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

முதலில் இரண்டு டிஸ்க்குக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துவிடலாம். விலைக்கான காரணம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டும் ஒரே 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசரைத்தான் பயன்படுத்தின. பழைய டிவிடியின் சிவப்பு லேசர் 650 நானோமீட்டர். அலைநீளம் குறைந்தால் ஒளிப்புள்ளி சிறிதாகும், அதே இடத்தில் அதிகத் தகவலை அடைக்கலாம். எச்.டி. டிவிடியில் தகவல் அடுக்கு, டிவிடியில் இருப்பது போலவே, மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. ப்ளூ-ரேயில் அது வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழம். லென்ஸை இன்னும் நெருக்கமாகக் குவிக்க முடிந்ததால் ப்ளூ-ரே ஓர் அடுக்கில் 25 ஜி.பி., இரண்டு அடுக்கில் 50 ஜி.பி. பிடித்தது. எச்.டி. டிவிடிக்கு 15, 30 ஜி.பி.

இதனால் வந்த முக்கியமான விளைவு, தயாரிப்புச் செலவு. எச்.டி. டிவிடியின் உடலமைப்பு டிவிடி மாதிரியே, 0.6 மி.மீ. தடிமனில் இரண்டு தகடுகளை ஒட்டுவதுதான். ஏற்கெனவே டிவிடி அச்சடித்துக்கொண்டிருந்த லைன்களைச் சில மாற்றங்களோடு இதற்குத் திருப்ப முடிந்தது. ப்ளூ-ரேக்கு அப்படி முடியாது, புது லைன் போட வேண்டும். மேற்பரப்புக்கு அவ்வளவு பக்கத்தில் தகவல் இருப்பதால் சின்னக் கீறலும் படத்தைக் கெடுத்துவிடும், அதனால் கீறல் தாங்கும் கெட்டிப் பூச்சும் தேவைப்பட்டது. ஆக, டிஸ்க் அச்சடிக்கும் செலவில் எச்.டி. டிவிடி மலிவு. டோஷிபா தரப்பு இதைப் பெரிதாகப் பேசியது.

ஆனால் அந்த மிச்சம் வாங்குகிறவர் கைக்கு வந்து சேரவில்லை. கடையில் இரண்டுக்கும் குறித்த விலை ஏறக்குறைய ஒன்றுதான்: படத்தைப் பொறுத்து 29 முதல் 40 டாலர் வரை. படம் போட்ட டிஸ்க்கின் விலையில் பிளாஸ்டிக்குக்கும் அச்சுக்கும் உள்ள பங்கு மிகச் சிறியது. விலையைத் தீர்மானிப்பது ஸ்டுடியோ. அதுவும் ‘இது எச்.டி., டிவிடியைவிடச் சில டாலர் கூடக் கொடுக்கலாம்’ என்ற கணக்கில் தீர்மானிப்பது. ஒரு ஃபார்மட்டின் தயாரிப்புச் செலவு குறைவு என்று கம்பெனிக்காரர் சொன்னால், அந்த மிச்சம் யார் பைக்குப் போகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தெரிந்துகொள்ளச் சுலபமான வழி, ஒரே படத்தின் இரண்டு ஃபார்மட் பதிப்பையும் பக்கத்தில் வைத்து விலைச் சீட்டைப் பார்ப்பது. வார்னர் 2007 முடியும்வரை இரண்டு பக்கமும் படம் வெளியிட்டதால் இதை எந்தக் கடை அலமாரியிலும் செய்து பார்க்க முடிந்தது.

பெட்டி விலை இறங்கியதற்குக் காரணம் வேறு. ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் எச்டி-ஏ1-ஐப் பிரித்துப் பார்த்து, உதிரிபாகங்களின் செலவே சுமார் 674 டாலர் என்று மதிப்பிட்டது. விற்ற விலையோ 499. உள்ளே இருந்தது கிட்டத்தட்ட ஒரு முழுக் கம்ப்யூட்டர்: 2.5 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, ஒரு ஜி.பி. ராம், லினக்ஸ். அந்தப் பெட்டி சுவிட்ச் போட்டுப் படம் வருவதற்குள் பொறுமையைச் சோதித்ததும் இதனால்தான். சோனியும் சளைக்கவில்லை. 2006 நவம்பரில் 599 டாலருக்கு வந்த 60 ஜி.பி. பிளேஸ்டேஷன் 3-இன் உதிரிபாகச் செலவை அதே நிறுவனம் 840 டாலர் என்று கணக்கிட்டது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெட்டியிலும் காசை இழந்துதான் விற்றன. நீல லேசர் டயோடு தட்டுப்பாடு வேறு. அதனால்தான் ஐரோப்பாவில் பிளேஸ்டேஷன் 3 வருவது 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது.

சண்டைக் காலத்தில் பெட்டி விலை செலவைவிடக் கீழே போகிறது என்றால், மீதியை நாளைக்கு டிஸ்க் விற்றும் உரிமத் தொகை வாங்கியும் எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி நம்புகிறது என்று பொருள். ஜெயித்தால் எடுத்துக்கொள்ளும். தோற்றால் அதன் நஷ்டத்தில் ஒரு பகுதி, வாங்கியவர் வீட்டு அலமாரியில் டிஸ்க்குகளாகக் கிடக்கும். 98.87 டாலர் விலையும் இந்த வகைதான். ஏ2 பழைய மாடல், அதற்கடுத்த ஏ3 அப்போதே வந்துவிட்டது, சரக்கைக் காலி செய்யவும் வேண்டியிருந்தது. ஏ2 அதிகபட்சம் 1080ஐ (1080 வரிகளைப் பாதி பாதியாக அனுப்பும் முறை) வரைதான் வெளியே அனுப்பும், எல்லா வரியையும் ஒரே தடவையில் அனுப்பும் 1080பி கிடையாது. விலையில் கண் வைத்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

இந்தப் போட்டியில் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார், அவரைப் பலரும் கணக்கில் எடுக்கவில்லை: சாதாரண டிவிடி. இரண்டு புது ஃபார்மட்டும் உண்மையில் மோதியது டிவிடியோடுதான். டிஸ்க் 10, 15 டாலருக்குக் கிடைத்தது, எந்த வீட்டிலும் ஓடும், வாடகைக் கடையில் எந்தப் படமும் இருக்கும். நூறு டாலருக்குள் கிடைத்த அப்ஸ்கேலிங் டிவிடி பிளேயர், 480 வரிப் படத்தை 1080 வரிக்கு நீட்டி எச்.டி.எம்.ஐ. வழியாக அனுப்பும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. நகல் எடுப்பதைத் தடுக்கும் காப்புப் பூட்டு உள்ள டிவிடியை எச்.டி.எம்.ஐ. வழியாகத்தான் அப்ஸ்கேல் செய்ய அனுமதி. சிவப்பு-பச்சை-நீல காம்பொனென்ட் கேபிள் போட்டால் 480-லேயே நின்றுவிடும். ‘அப்ஸ்கேலிங் பிளேயர் வாங்கியும் படம் தெளிவாக இல்லை’ என்று குறைப்பட்ட பலருக்கும் இந்தக் கேபிள்தான் காரணம்.

புது ஃபார்மட் தேவையா என்பதைக் கண்ணை வைத்தே கணக்கிடலாம். நல்ல பார்வை உள்ளவரால் பிரித்தறிய முடிகிற மிகச் சிறிய கோணம் சுமார் ஒரு ஆர்க்மினிட், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அதன்படி 42 இன்ச் டிவியில் 1080பி-இன் முழு நுணுக்கமும் தெரிய ஐந்தரை அடிக்குள் உட்கார வேண்டும். எட்டடி தாண்டினால் 720-க்கும் 1080-க்கும் வித்தியாசம் தெரியாது. பன்னிரண்டு அடிக்கு அப்பால் நல்ல டிவிடியே போதும். (நிறமும் கான்ட்ராஸ்டும் ஒலியும் வேறு கணக்கு, அவை தூரத்திலும் தெரியும்.) 2007-ல் பெரும்பாலான வீடுகளில் டிவியும் சோஃபாவும் இருந்த இடைவெளிக்கு, காத்திருப்பது நஷ்டமே இல்லாத முடிவு. நிறையப் பேர் அப்படித்தான் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்புதான் இரண்டு கம்பெனிகளையும் விலை குறைக்க வைத்த பெரிய அழுத்தம் என்பது என் கணிப்பு.

அடுத்து, படங்கள் எந்தப் பக்கம். சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ், லயன்ஸ்கேட் ப்ளூ-ரே பக்கம் நின்றன. யுனிவர்சல் எச்.டி. டிவிடி பக்கம். வார்னரும் பாரமவுண்டும் இரண்டு பக்கமும். 2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் எச்.டி. டிவிடிக்கு மட்டும் என்று மாறின. அதற்கு ஊக்கத்தொகையாக இரண்டுக்குமாகச் சேர்த்து 15 கோடி டாலர் பேசப்பட்டதாக அப்போதே செய்தி வந்தது. விளைவு, ஒரு வீட்டில் எல்லாப் படமும் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பெட்டி வேண்டும்.

அதற்கு மாற்றாக வந்தவை மூன்று. எல்ஜி 2007 தொடக்கத்தில் இரண்டையும் ஓட்டும் பிஎச்100 பிளேயரை 1,199 டாலருக்கு விட்டது. வார்னர் ஒரு பக்கம் ப்ளூ-ரே, மறுபக்கம் எச்.டி. டிவிடி என்று ‘டோட்டல் எச்.டி.’ டிஸ்க்கை அறிவித்துவிட்டு, கடைக்கு வருவதற்கு முன்பே கைவிட்டது. மூன்றாவது, ஒரு பக்கம் எச்.டி. டிவிடியும் மறுபக்கம் டிவிடியுமாக வந்த காம்போ டிஸ்க். இது நல்ல யோசனை போலத் தோன்றும், ஆனால் வாங்குகிறவரைக் கட்டாயப்படுத்தியது. ஒரே படத்தை எச்.டி.யில் மட்டும் மலிவாக வாங்கும் வழியில்லாமல், தேவையில்லாத டிவிடிப் பக்கத்துக்கும் சேர்த்து 40 டாலர் வரை கொடுக்க வேண்டியிருந்தது. இரு பக்கமும் தகவல் இருப்பதால் லேபிள் ஒட்ட இடமில்லை, நடு வளையத்தில் பொடி எழுத்தில்தான் எது எந்தப் பக்கம் என்று போட்டிருக்கும். எந்தப் பக்கத்தைக் கீழே வைத்தாலும் படும் கீறல் ஏதோ ஒரு பதிப்பில்தான் விழும். நின்று நின்று ஓடுகிறது என்று திரும்பி வந்த டிஸ்க்குகளில் காம்போவே அதிகம் என்பது அப்போது வாங்கியவர்களிடம் பொதுவாகக் கேட்கிற புகார்.

இரண்டு ஃபார்மட் பிளேயரின் விலையையும் தனித்தனிப் பெட்டிகளின் விலையையும் ஒருமுறை கூட்டிப் பார்த்தால் போதும். 2007 நவம்பரில் 40 ஜி.பி. பிளேஸ்டேஷன் 3 விலை 399 டாலர். ஏ2 98.87. இரண்டும் சேர்ந்தே 500-க்குள் அடக்கம். ‘எதுவானாலும் ஓடும்’ என்ற ஒற்றைப் பெட்டிக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுத்தவர்கள், எது ஜெயிக்கும் என்ற பயத்துக்குத்தான் விலை கொடுத்தார்கள்.

இலவச டிஸ்க் சலுகையையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பிளேயர் வாங்கினால் ஐந்து படம் இலவசம் என்று இரண்டு பக்கமும் தபால் சலுகை வைத்தன. பட்டியலில் உள்ள படங்களில் ஐந்தைக் குறித்து, பில் நகலோடு, அட்டைப்பெட்டியில் அச்சடித்த பார்கோடு பகுதியைக் கத்தரித்து அனுப்ப வேண்டும். வந்து சேரப் பல வாரம் ஆகும். பார்கோடை வெட்டிய அட்டைப்பெட்டியைக் கடைகள் திரும்ப எடுப்பதில்லை. ஆகவே இலவசப் படத்துக்கு ஆசைப்பட்ட நிமிடமே, சண்டையின் முடிவைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திருப்பித் தரும் வழி அடைந்துவிடுகிறது. செய்ய வேண்டியது எளிது. சலுகையின் கடைசித் தேதியையும் கடையின் திருப்பி எடுக்கும் நாள் கணக்கையும் ஒன்றாக எழுதி வைத்துக்கொண்டு, திருப்பும் கெடு முடிந்த பிறகு, சலுகைத் தேதி முடிவதற்கு முன் கத்தரிக்கலாம். அனுப்புவதற்கு முன் எல்லாத் தாளையும் நகல் எடுத்து வைக்க வேண்டும், பார்கோடு துண்டையும் சேர்த்துத்தான். தபாலில் தொலைந்துவிட்டது என்று பதில் வந்தால் அந்த நகல்தான் கைகொடுக்கும்.

எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு அறிகுறிகள் முன்பே தெரிந்தன. 2007 ஜூனில் பிளாக்பஸ்டர் வாடகைக் கடைச் சங்கிலி, புதிதாக எச்.டி. வைக்கப்போகும் 1,450 கிளைகளில் ப்ளூ-ரே மட்டுமே வைப்பதாக அறிவித்தது. அதற்கு முன் சுமார் 250 கிளைகளில் இரண்டையும் வைத்துப் பார்த்தபோது, எடுத்துப் போனவற்றில் எழுபது சதவீதத்துக்கு மேல் ப்ளூ-ரேயாக இருந்ததுதான் காரணம். இது கம்பெனி அறிக்கையைவிட நம்பகமானது. வாடகைக் கடைக்காரர் அலமாரியின் ஒவ்வொரு அடிக்கும் வாடகை கட்டுகிறார், ஓடாத சரக்கை வைக்க மாட்டார். எந்த ஃபார்மட் பெட்டி அதிகம் விற்றது என்ற எண்ணிக்கையைவிட, டிஸ்க் எது அதிகம் போகிறது என்பதைப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 3 வாங்கியவர்களில் பலர் விளையாட்டுக்காகத்தான் வாங்கினார்கள், ஆனாலும் படம் வாங்கும்போது ப்ளூ-ரேயைத்தான் எடுத்தார்கள்.

2008 ஜனவரி 4-ல் வார்னர் இனி ப்ளூ-ரே மட்டும் என்று அறிவித்தது. லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சி தொடங்கும் சமயம் அது. எச்.டி. டிவிடி அணி அங்கே நடத்தவிருந்த செய்தியாளர் சந்திப்பை ரத்து செய்தது. டோஷிபா விலையை இன்னும் வெட்டி ஏ3-ஐ 149.99 ஆக்கியது. பிப்ரவரி 11-ல், அப்போது தபாலில் டிஸ்க் வாடகைக்கு விட்ட நெட்ஃபிளிக்ஸும், பெஸ்ட் பையும், 15-ல் வால்மார்ட்டும் ப்ளூ-ரே பக்கம் போயின. 19-ல் டோஷிபா முடித்துக்கொண்டது. ஜனவரி 4-க்கும் பிப்ரவரி 19-க்கும் இடைப்பட்ட ஆறு வாரம்தான் வாங்குகிறவருக்கு மிக ஆபத்தான காலம். விலை அடிமட்டத்தில், விளம்பரம் உச்சத்தில், படம் வரும் வழியோ அடைபட்டுவிட்டது. பெரிய படக் கம்பெனி ஒன்று விலகிய பிறகு வரும் விலைக் குறைப்பு, ஒரு கடை மூடும் முன் போடும் தள்ளுபடி விற்பனைக்குச் சமம்.

அதற்காக ஏ2 வாங்கியவர்கள் எல்லோரும் ஏமாந்துபோனார்கள் என்று சொல்வது நியாயமில்லை. அந்தப் பெட்டி டிவிடியை அருமையாக அப்ஸ்கேல் செய்தது. அந்த வேலைக்கு மட்டும் தனியாக ஒரு பிளேயர் வாங்கியிருந்தாலும் ஏறக்குறைய அதே காசு ஆகியிருக்கும். ‘நூறு டாலருக்கு நல்ல டிவிடி பிளேயர், ஓடும் வரை எச்.டி. டிவிடியும் ஓடட்டும்’ என்று வாங்கி, டிஸ்க்கை வாடகைக்கு மட்டும் எடுத்தவருக்கு நஷ்டம் பூஜ்யம். நஷ்டப்பட்டவர், பெட்டி மலிவு என்று எடுத்துவிட்டு முப்பது, நாற்பது டிஸ்க்கை முழு விலையில் வாங்கி அடுக்கியவர். பத்து டிஸ்க் வாங்கினாலே பெட்டியின் விலையைப் போல மூன்று, நான்கு மடங்கு ஆகிவிடுகிறது. ஃபார்மட் தோற்றால் பெட்டி வேறு எதற்கு உதவும், டிஸ்க் வேறு எதற்கு உதவும் என்று தனித்தனியே கேட்டுப் பாருங்கள். பெட்டிக்குப் பெரும்பாலும் ஏதாவது பதில் இருக்கும். டிஸ்க்குக்கு இருக்காது.

ஜெயித்த பக்கம் வாங்கியவர்களுக்கும் அடி விழுந்தது, இது அதிகம் பேசப்படுவதில்லை. எச்.டி. டிவிடி பிளேயர்களில் ஈதர்நெட் இணைப்பு முதல் நாளிலிருந்தே கட்டாயம். ப்ளூ-ரே அவசர அவசரமாக, குறைந்த வசதியோடு ‘ப்ரொஃபைல் 1.0’ என்ற நிலையில் கடைக்கு வந்தது. படத்துக்குள் சிறு ஜன்னலில் இன்னொரு காட்சி காட்டும் வசதி 1.1-ல், இணைய வசதி 2.0-ல்தான் வந்தது. 2006-ல் ஆயிரம் டாலர் கொடுத்தவர்களின் தனிப் பெட்டிகள் 1.0-விலேயே நின்றன. பிளேஸ்டேஷன் 3 மட்டும் மென்பொருள் வழியாக 1.1, 2.0, பிறகு 3டி வரை ஏறியது. புதுக் காப்புப் பூட்டோடு வந்த படங்கள் சில பெட்டிகளில் திறக்கவே மறுத்தன, பெட்டியின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால்தான் ஓடின. நெட் இணைப்புத் துளை இல்லாத பெட்டிக்கு, கம்பெனி தளத்திலிருந்து கோப்பை இறக்கி சிடியில் எழுதிப் போட வேண்டும். எழுதும்போது வேகத்தைக் குறைத்து எழுதுவது நல்லது, எழுதி முடித்ததும் மேற்கொண்டு எதுவும் சேராதபடி டிஸ்க்கை மூடிவிட (ஃபைனலைஸ் செய்துவிட) வேண்டும். புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் போனால் பெட்டி செத்துவிடும். ஃபார்மட் புதிதாக வரும்போது முதல் தலைமுறைப் பெட்டியில் பார்க்க வேண்டியது படத் தரம் அல்ல, அதைப் புதுப்பிக்க வழி இருக்கிறதா என்பதே.

போட்டி முடிந்ததும் ப்ளூ-ரே பெட்டி விலை உடனே இறங்கவில்லை. எதிரி இல்லாததால் 2008 முதல் பாதியில் விலை இறுகியே நின்றது, சில மாடல்கள் ஏறவும் செய்தன. அந்த ஆண்டு இறுதி விடுமுறை விற்பனையில்தான் 200 டாலருக்குக் கீழ் வந்தது. சண்டை முடிந்த மறுநாள் ஓடிப்போய் வாங்குவதைவிட, முதல் பண்டிகை விற்பனை வரை பொறுத்தவர்களுக்குப் பாதி விலையில் கிடைத்தது. தோற்ற பக்கத்துக்குக் கிடைத்த ஆறுதல்: பெஸ்ட் பை தன்னிடம் எச்.டி. டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்கு 50 டாலர் பரிசு அட்டை அனுப்பியது. வார்னர் 2009-ல், எச்.டி. டிவிடியின் உறைத்தாளை அனுப்பினால் படத்துக்கு 4.95 டாலரும் தபாலுக்கு 6.95 டாலரும் வாங்கிக்கொண்டு ப்ளூ-ரே தந்தது. பத்துப் படத்துக்கு 56 டாலர் 45 சென்ட். உறைத்தாளைப் பத்திரமாக வைத்தவர்களுக்குத்தான் அது பயன்பட்டது. டிஸ்க்கைப் பையில் போட்டு அட்டையை எறிந்தவர்களால் முடியவில்லை.

முந்தைய சண்டைகளிலும் இதே கணக்குதான் ஓடியது. 1975-ல் வந்த பீட்டாமேக்ஸ் கேசட்டில் ஆரம்பத்தில் ஒரு மணி நேரம்தான் பதியும். அடுத்த ஆண்டு வந்த வி.எச்.எஸ்.-ல் இரண்டு மணி நேரம், ஒரு படம் முழுதாக அடங்கியது. படம் பீட்டாவில் கொஞ்சம் தெளிவு என்பது பெரும்பாலான வீடுகளுக்கு முக்கியமாகப்படவில்லை. வாடகைக் கடைகள் ஒரே படத்தை இரண்டு ஃபார்மட்டில் வாங்கி வைக்க வேண்டியிருந்தது, ஒரு கேசட்டே எழுபது எண்பது டாலர் விற்ற காலம் அது. அதனால் கடைக்காரர்கள் ஓடும் பக்கத்தையே நிரப்பினார்கள். சோனியே 1988-ல் வி.எச்.எஸ். பிளேயர் தயாரிக்க இறங்கியது. நம்மூரில் டெக்கும் கலர் டிவியும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்த காலத்தில் ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்தது பார்த்தவர்களா என்ன? கேசட் கடைக்காரர்தான்.

மாறாக, 1995-ல் டோஷிபா-வார்னர் அணியும் சோனி-பிலிப்ஸ் அணியும் இரண்டு வேறு டிஸ்க்கோடு மோதத் தயாரானபோது, ஐபிஎம் உள்ளிட்ட கம்ப்யூட்டர் கம்பெனிகள் நெருக்கியதால் ஒரே டிவிடிக்குச் சம்மதித்தார்கள். டிவிடி அவ்வளவு வேகமாக மலிந்ததற்கு அந்த ஒற்றுமை முக்கியக் காரணம். நடுவில் 1998-ல் சர்க்யூட் சிட்டி கடை கொண்டுவந்த டைவிஎக்ஸ் ஒன்று உண்டு: 4.49 டாலருக்கு டிஸ்க், 48 மணி நேரம் பார்க்கலாம், பெட்டி தொலைபேசி வழியாகக் கம்பெனியிடம் அனுமதி கேட்கும். 1999 ஜூனில் மூடினார்கள். 2001 ஜூன் 30-க்குப் பிறகு அந்த டிஸ்க் எதுவும் ஓடவில்லை. பீட்டா கேசட் இன்றும் நல்ல டெக்கில் ஓடும். அனுமதிக்காக யாரையோ அழைக்க வேண்டிய டிஸ்க், அழைப்பை எடுக்க ஆள் இல்லாத நாளோடு முடிந்துவிடும். வாங்கியது போலத் தோன்றும் இன்றைய ஆன்லைன் படங்களுக்கும் இதே நிலைதான்.

இந்தியாவில் இந்த எச்.டி. சண்டை கிட்டத்தட்ட யாரையும் தொடவில்லை. காரணம் விலைதான். அதே காலத்தில் மோசர் பேயர் என்ற இந்திய டிஸ்க் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது, தமிழ்ப் படங்களும் அதில் வந்தன. திருட்டு டிஸ்க்கோடு போட்டி போட வேண்டுமென்றால் அதன் விலைக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்ற கணக்கு அது. விசிடியில் ஒரு டிஸ்க்குக்கு 74 முதல் 80 நிமிடம்தான். நம் படங்களுக்கு இரண்டு, சிலவற்றுக்கு மூன்று டிஸ்க் வேண்டும். டிவிடியில் ஒன்றே போதும், தெளிவும் அதிகம். வித்தியாசம் ஆறே ரூபாய். டிவிடி பிளேயர் பழைய விசிடிகளையும் ஓட்டியதால் வீட்டில் இருந்த எதுவும் வீணாகவில்லை. இதனால்தான் அந்த மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது.

இன்று எச்.டி. டிவிடி கையில் உள்ளவர்கள் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டியது, ஒவ்வொரு டிஸ்க்கையும் சோதிப்பது. இரண்டு தகடுகளையும் ஒட்டிய பசை கெட்டு, உள் அடுக்கு வாசிக்க முடியாமல் போகும் பழுது இவற்றில் பரவலாக வருகிறது. 2006 முதல் 2008 வரை வார்னர் வெளியிட்டவற்றில் இது அதிகம். அந்தக் கால வார்னர் டிவிடிகளிலும் இந்தப் பழுது இருப்பதை அந்த நிறுவனமே 2025-ல் ஒப்புக்கொண்டது. பழுது பார்வைக்குத் தெரியாமலும் இருக்கலாம். அறிகுறி, படம் தொடக்கத்தில் நன்றாக ஓடி, பாதியில், அடுக்கு மாறும் இடத்தில் நின்றுவிடும். துடைப்பதாலோ பாலிஷ் போடுவதாலோ சரியாகாது. சோதிக்கும்போது முதல் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வைத்துவிடாமல், நடுவிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு அத்தியாயமாகத் தாவிப் பாருங்கள்.

ஓட்டுவதற்கு டோஷிபா பெட்டி இல்லையென்றால் இரண்டு வழி. எக்ஸ்பாக்ஸ் 360-க்கு 199 டாலருக்கு வந்து, கடைசியில் 49.99-க்குத் தள்ளிவிட்ட எச்.டி. டிவிடி டிரைவ், யுஎஸ்பி வழியாகச் சாதாரண கம்ப்யூட்டரிலும் வேலை செய்யும். பழையது வாங்கும்போது அதன் தனிப் பவர் அடாப்டர் கூட வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் டிரைவ் எழும்பாது. இன்னொன்று எல்ஜி ஜிஜிடபிள்யூ-எச்20எல் போன்ற, ப்ளூ-ரேயோடு எச்.டி. டிவிடியும் வாசிக்கும், கம்ப்யூட்டருக்குள் பொருத்துகிற சாட்டா டிரைவ். டிஸ்க்கின் கோப்பு அமைப்பு யுடிஎஃப் 2.5. விண்டோஸ் விஸ்டாவும் அதற்குப் பின் வந்தவையும் நேரடியாகத் திறக்கும், எக்ஸ்பிக்குத் தனி டிரைவர் வேண்டும். உள்ளே எச்விடிவிடி_டிஎஸ் என்ற ஃபோல்டர் தெரிந்தால் டிஸ்க் வாசிக்கப்படுகிறது.

இப்போது 4கே டிஸ்க் வாங்குகிறவர்களைக் குழப்புவது, வெளிச்சத்தையும் இருளையும் இன்னும் விரிவாகக் காட்டும் எச்டிஆர் முறைகளில் டால்பி விஷனா, எச்டிஆர்10 பிளஸ்ஸா என்பது. சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் இல்லை, எல்ஜி, சோனி டிவிகளில் எச்டிஆர்10 பிளஸ் இல்லை. ஆனால் எச்டிஆர் உள்ள 4கே டிஸ்க் எதிலும் அடிப்படையாகச் சாதா எச்டிஆர்10 இருந்தே ஆக வேண்டும், ஆகவே எந்த டிஸ்க்கும் எந்த டிவியிலும் ஓடும். டிவி எதை ஏற்கிறதோ அதைத் தரும் பிளேயரை எடுத்தால் போதும். எந்தப் பகுதியில் விற்ற பிளேயரில் ஓடும் என்று கட்டுப்படுத்தும் மண்டலப் பூட்டு 4கே டிஸ்க்குக்குக் கிடையாது. சாதா ப்ளூ-ரேக்கு உண்டு: அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா ஏ மண்டலம், ஐரோப்பா பி, இந்தியா சி. வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது உறையின் பின்பக்கம் ஆறுகோணத்துக்குள் உள்ள எழுத்தைப் பாருங்கள். அதோடு, 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 முறை படம் மாறும்படி) பதிந்த டிஸ்க்காக இருந்தால், மண்டலம் பொருந்தினாலும் வட அமெரிக்கப் பிளேயர்கள் பல அதை ஓட்டாது. டிரே திறந்து மூடும், திரை கருப்பாகவே இருக்கும். டிஸ்க் பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன், கம்ப்யூட்டர் டிரைவில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.